முங்கிய துளி

இசபெல் மாமியின் இரத்தம் மிதக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்குகிற பையன்கள்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மீன் கூடையோடு குழித்துறை சந்தைக்கு வேன் ஏறும் மாமியைப் பார்த்து, "மாமி, இண்ணு முங்குமா, மெதக்குமா?" என்று எவளாவது கேட்பாள். மாமி திரும்பி ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

இரத்தம் கொடுக்கப் போகிறவர்களின் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டை எடுத்து, நீலநிறத் திரவம் உள்ள கண்ணாடிக் குப்பியில் விடுவார்கள். இரத்தத்தில் சத்து போதுமான அளவு இருந்தால் அந்தச் சொட்டு மூழ்கி அடியில் போய் உட்காரும். இல்லாவிட்டால் மேலேயே நிற்கும். மேலே நின்றால், "நல்லா சாப்பிட்டுட்டு பிறவு வாங்கம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். மூழ்குவது என்ற சொல்லை வீட்டுக்குள் உச்சரிக்கவே பயப்படுகிற ஊர் எங்களுடையது. தேங்காய்ப்பட்டணம் தாண்டிக் கடலை ஒட்டிக் கிடக்கும் மரியதுறை. இங்கே ஆண்கள் விசைப்படகில் ஏறினால் ஒன்றரை மாதம் கழித்துத்தான் கரையைப் பார்ப்பார்கள். திருவிழாவையும் மீன்பிடித் தடைக்காலத்தையும் விட்டால் ஊர் பெண்கள் கையில்தான். அப்படிப்பட்ட ஊரில் பெண்கள் இன்று, "எனக்கு முங்கிட்டு!" என்று தெருவுக்குத் தெரியச் சத்தம் போடுகிறார்கள். அதைச் சொல்ல வைத்தவர் இசபெல் மாமி.

இதன் தொடக்கம் ஐந்து வருடங்களுக்கு முன்னால் நடந்தது. அப்போது நான் ஊரில் இல்லை. வேறொரு கடலில் உல்லாசக் கப்பல் ஒன்றில் அறைகளுக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். பலர் வாயால் கேட்டதில், எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

மாமி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற ஜாஸ்மிக்கு இரண்டாவது பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதற்குப் பிறகு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த இரத்தத்தை ஏற்றிவிட்டு, இன்னும் வேண்டும், கொடுக்க ஆள் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஜாஸ்மியின் புருஷன் குஜராத் பக்கம் கடலில். ஊரில் இருந்த ஆண்கள் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தின்கிற வயசாளிகள். இசபெல் மாமி கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களையும், தெருவில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களையும் இழுத்து, ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்த மீன் வண்டியில் ஏற்றினார்.

இரத்த வங்கியில் விரல் குத்துகிறவர் கிருஷ்ணமணி என்கிற இளைஞர். பீடி சுற்றுகிற பிரிஜாவுக்குக் குத்தினார், மிதந்தது. அடுத்தவளுக்கும் மிதந்தது. அதற்கடுத்தவளுக்கும். கடைசியில் மாமி விரலை நீட்டினார். மாமியின் சொட்டு மற்றவர்களுடையதைவிட ஒய்யாரமாக மிதந்தது என்று பிரிஜா இன்றும் சொல்வாள்.

"இது பழைய மருந்தா தம்பி?"

"மருந்து இண்ணு மாத்தினதுதான் மாமி. ஒங்களுக்கு ரத்தம்தான் கொறவு."

"எனக்கா? ஒரு கூடை சூரை மீன ஒத்தையில தூக்கி தலையில வைக்கிற எனக்கா ரத்தம் கொறவு? ஏலே, உனக்க அம்மைட்ட போய் கேளு. எனக்க சத்தம் கேட்டுத்தான் சந்தைக்கு இறங்குவா."

"சத்தத்த இதில ஊத்திப் பாக்க முடியாதே மாமி."

ஜாஸ்மியைக் காப்பாற்றியது தேங்காய்ப்பட்டணத்துப் பையன்கள். எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தின் செவிலியர் சஜ்னா, தன் தம்பி ரிஜ்வானுக்குப் போன் போட, அவன் சேக்காளிகளோடு பைக்குகளில் வந்து இறங்கினான். அவர்களுடைய சொட்டெல்லாம் கல்லைப்போல மூழ்கியது. ஜாஸ்மி பிழைத்தாள்.

திரும்பி வரும்போது மீன் வண்டியில் எல்லோரும் குத்திய விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். பாலம் ஏறும்போதுதான் மாமி வாயைத் திறந்தார். "நம்ம மீனு கேரளத்துக்கு போவுது. மீன் வித்த காசு பிள்ளையளுக்க பீஸுக்கு போவுது. நம்ம ரத்தம் எங்கட்டி போவுது?"

மறுநாள் மாமி சந்தைக்குப் போகவில்லை. சஜ்னாவின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து தொடங்கியதுதான் இதெல்லாம்.

சஜ்னா சொன்னது எளிது. ஊரில் பெரும்பாலான பெண்களுக்கு இரத்தசோகை. அது இருக்கிற பெண்ணுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலும் உடம்பு தாங்காது. ஆகவே கொடுக்கிறதுக்காக மட்டும் இல்லை, தான் பிழைத்துக் கிடப்பதற்கும் ஒவ்வொருத்தியின் சொட்டும் மூழ்க வேண்டும். அன்றிலிருந்து மாமி அதைக் காலையும் மாலையும் தெருவில் சொன்னார். சிப்பியும் சாளையும் கரைக்கு வந்தால் முழுவதையும் வியாபாரிக்கு அள்ளிப் போட்டுவிட்டு, மிச்சமான குழம்புச் சாற்றை மரச்சீனிக் கிழங்கில் ஊற்றித் தின்பதுதான் எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். மாமி அதை மாற்றினார். "முதல்ல ஒரு பங்கு எடுத்து சட்டியில போடு. பிறவு வில்லு" என்று கரையில் நின்று காவல் காத்தார். இலவசமாகக் கிடைத்து அலமாரியில் கிடந்த இரும்புச்சத்து மாத்திரைகளைத் தேடி எடுத்து, தன் கண் முன்னால் விழுங்கச் சொன்னார்.

பெண்கள் விழுங்கினார்கள். மாதங்கள் போயின. மறுபடி பரிசோதித்தபோது எல்லாம் மிதந்தது.

காரணத்தைச் சஜ்னா ஒரு மத்தியானம் பிரிஜாவின் அடுக்களையில் கண்டுபிடித்தார். பிரிஜா சாப்பிட்டு முடித்து, மாத்திரையை நாக்கில் வைத்து, ஒரு பெரிய கிளாஸ் பால் விடாத கட்டன்சாயாவை மேலே ஊற்றினாள்.

"பிரிஜா, எப்பவும் இப்பிடித்தான் குடிப்பியா?"

"பின்னே? கசக்குது சிஸ்டரே. சாயாவிலதான் எறங்கும்."

"வேற யாரெல்லாம் சாயாவில குடிப்பாவ?"

பிரிஜாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சாயாவில குடிக்காதவ யாரு?"

எங்கள் கரையில் மீன் தின்ற வாய்க்குக் கட்டன்சாயா வேண்டும். வெறும் தண்ணீர் குடித்து எழுந்திருப்பது சாப்பாட்டைப் பாதியில் விடுவது மாதிரி. அந்தச் சாயாதான் மாத்திரையின் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க, தவறாமல், ஒழுங்காக, மாத்திரையை வீணாக்கிக்கொண்டிருந்தது.

மாமிக்கு விஷயம் தெரிந்ததும் நேரே முக்குக் கடைக்குப் போனார். சாயாக்கடை ரத்தினம் அண்ணன் பால் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாளையிலருந்து மத்தியானம் சோறு தின்ன கையோட வாற பொம்பளையளுக்கு சாயா கிடையாது."

"எனக்க பொழப்பில மண்ணள்ளிப் போடவா வந்த இசபெலே?"

"எலுமிச்சங்கா வெள்ளம் வில்லுங்க. மாத்திரைய அதில முழுங்கட்டும். ரெண்டு மணிக்கூர் களிஞ்சு சாயா குடுங்க. நானே வந்து ஒண்ணு வாங்குகேன்."

"நீ வாங்கினா காசு தரமாட்டியே!"

ரத்தினம் அண்ணன் முணுமுணுத்தாலும் செய்தார். இன்றும் அவர் கடையில் எலுமிச்சைத் தண்ணீர் ஒரு பக்கமும் சாயா ஒரு பக்கமுமாக இருக்கிறது.

அடுத்த முறை கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து இரத்ததான முகாம் நடந்தபோது பிரிஜாவின் சொட்டு மூழ்கியது. "முங்கிட்டு!" என்று அவள் போட்ட கத்தலில் பங்குச் சாமியார் தம் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். அடுத்த முகாமில் இன்னும் சிலருக்கு. எதிர்ப்பும் இருந்தது. ஒரு மாமியார், மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டார்: "மாசாமாசம் போறது போராதா? இனி ஆஸ்பத்திரிக்கும் கொண்டு குடுக்கணுமா?"

இசபெல் மாமி குறுக்கே வந்தார். "அது வெறுதே போறது மைனி. இது ஒருத்திக்கு உயிராப் போறது. செரி, விடுங்க. ஒங்க மருமவளுக்கு வேணும்னு வரும்போ நாங்க மெதந்துட்டு நிக்கோம்."

அந்த மருமகள் அன்று இரத்தம் கொடுத்துவிட்டு, தந்த பிஸ்கட்டை மாமியாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஊர் மாறியது. ஆனால் ஒவ்வொரு முகாமிலும் முதல் ஆளாக விரலை நீட்டுகிற இசபெல் மாமியின் சொட்டு மட்டும் மிதந்தது. சாயாவை நிறுத்தினார், மிதந்தது. முருங்கைக்கீரை தின்றார், மிதந்தது. கேலி தொடங்கியது இப்படித்தான். மாமி கூடவே சிரிப்பார். ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு மண்டபத்தின் பின்வாசல் வழியாகப் போவார்.

நான் ஊர் திரும்பியது அந்தச் சமயத்தில். என்னைப் பார்த்ததும் மாமி கேட்டது, "ஏட்டி பெபிஷா, எப்ப போவ?" இரண்டு வாரம் என்றேன். இரண்டு மாதம் கழிந்தும், "இன்னும் போவலியா?" என்று கேட்டுக்கொண்டே வாசலில் சிப்பியை வைத்துவிட்டுப் போவார். நான் போயிருந்த துறைமுகங்களில், என் வயதுப் பெண்கள் பிரசவத்தில் போய்விட்டார்கள் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மழை வந்தது, போனது என்பதுபோலச் சொல்வார்கள். அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் அவமானமாக எடுத்துக்கொண்ட ஒருவர் என் பக்கத்துத் தெருவில் இருந்தார் என்பது எனக்கு ஊர் வந்தபிறகுதான் தெரிந்தது.

பிறகு ரெஜிஷாவின் காரியம் வந்தது. ரெஜிஷா மாமியின் ஒரே மகள். தக்கலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். தலைப்பிரசவம். ஸ்கேனில் நஞ்சுக்கொடி மிகவும் கீழே, கர்ப்பப்பையின் வாயை மூடிக்கொண்டு இருப்பது தெரிந்தது. ஆபரேஷன்தான், இரத்தம் நிறையப் போகலாம், ஆட்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் ஆதிரா சொன்னார். ரெஜிஷாவின் புருஷன் ஷிஜின், இசபெல் மாமியின் கணவர் அல்போன்ஸின் படகிலேயே போகிறவன். இருவரும் அந்தச் சமயம் கடலில் இருப்பார்கள்.

"எனக்க மகளுக்கு முதல் பை என்னுதாக்கும்" என்று மாமி சந்தையில் வைத்தே சொல்லிவிட்டார். சொன்னபிறகு அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

ஏழாம் மாதம் பலகாரங்களோடு ரெஜிஷாவைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். படுத்தே இருக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. படுத்திருக்கிறவளுக்கு வீடு முழுவதும் தெரியும். கிழிந்த வலைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்ட துணிகள் அவளுக்குத் தெரிந்தன. அம்மா எப்போதும் கறுப்புச் சிவப்புச் சேலைகளையே கட்டுவதும், நாற்காலியில் உட்காராமல் வெறுந்தரையில் உட்காருவதும் தெரிந்தன. ஒரு மத்தியானம் நானும் மாமியும் அவள் கட்டில் பக்கத்தில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, ஒனக்கு மாசத்தில எத்ற நாளு போவுது?"

மாமியின் கத்தி நின்றது. "என்ன கேள்விட்டி இது? வயசாவும்போ அப்பிடித்தான்."

"மாசத்தில பாதி நாளும் அப்பிடித்தானா? எத்ற வருசமா?"

"நீ பேசாம கெட."

"நீ தின்ன முருங்கைக்கீரையும் சிப்பியும் எங்க போச்சுதுன்னு இப்பதான் எனக்கு வெளங்குது. டாக்டரைப் பாத்தியா?"

"பாத்தா ஊரு சிரிக்கும். ஒருத்தியையும் விடாம வெரட்டி வெரட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவ, தனக்கு இருக்கத மூடி வச்சிட்டு இருந்தான்னு சொல்லும்."

மாமி சொன்னது உண்மை. அந்த வெட்கம் அவரை வருடக்கணக்கில் தின்றுகொண்டிருந்தது. தலைசுற்றலைப் பித்தம் என்றார். மூச்சு வாங்குவதைக் கூடை கனம் என்றார்.

ரெஜிஷா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "செரி. நீ காட்டாம நானும் இனி ஆஸ்பத்திரிக்கு வரல. வீட்டிலயே பெத்துக்கிடுகேன்."

"ஏட்டி! நஞ்சு கீழ கெடக்கு ஒனக்கு!"

"ஒனக்கும் ஏதோ கெடக்குல்லா?"

மாமி என்னைப் பார்த்தார். நான் சிப்பியைப் பார்த்தேன். மறுநாள் சந்தைக்கான வேனில் ஏறாமல், பரிசோதனைக்குப் போகிற மகளோடு ஆட்டோவில் ஏறினார்.

டாக்டர் ஆதிரா பரிசோதித்துவிட்டு, "இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க?" என்று கேட்டாராம். "மார்க்கெட்டில" என்றாராம் மாமி. கர்ப்பப்பையில் சிறிய கட்டி. பயப்படும்படியான கட்டி இல்லை. போக்கை நிறுத்த மாத்திரை கொடுத்து, இரும்புச்சத்தைக் குளுக்கோஸ் மாதிரி நரம்பில் ஏற்றினார்கள். வெளியே வந்த மாமி செய்த முதல் வேலை, அன்று மாலையே சாயாக்கடை முக்கில் நின்று எல்லோருக்கும் சொன்னதுதான்.

"கேட்டுக்கிடுங்க. எனக்கு போக்கு இருந்தது. நான் மறைச்சேன். அதுதான் மெதந்தது. இனி எவளாவது மறைச்சு வச்சா, என்னைச் சொல்லிச் சிரிச்சிட்டு ஒழுங்கா ஆஸ்பத்திரிக்கு போங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் ஆதிரா டாக்டரின் அறைக்கு முன்னால் மரியதுறைப் பெண்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

ஆபரேஷனுக்குச் சில நாட்கள் முன்னால் இரத்த வங்கிக்குக் கிளம்பினோம். அதே மீன் வண்டி. ஆனால் இந்தத் தடவை கழுவித் துடைத்து, பாய் விரித்திருந்தார்கள். ஜாஸ்மியும் ஏறினாள், அவளுக்கு இது மூன்றாவது தானம். கிருஷ்ணமணிக்கு இப்போது தொப்பை போட்டிருந்தது.

"மாமி, நீங்களும் குத்தணுமா? கூட்டிட்டு வந்தது போராதா?"

"குத்துலே."

மற்றவர்கள் முதலில் போனார்கள். பிரிஜாவுக்கு மூழ்கியது. ஜாஸ்மிக்கு மூழ்கியது. எனக்கு மூழ்கியது, "கப்பல்ல தின்ன இறைச்சி" என்றார் மாமி பொறாமையோடு. பிறகு அவர் விரல். சொட்டு நீலத்தில் விழுந்தது. கொஞ்சம் தயங்கியது. பிறகு அது நேராக, அவசரமில்லாமல், அடிவரை இறங்கியது.

நாங்கள் கத்துவதற்குத் தயாராக இருந்தோம். மாமி கையை உயர்த்தி நிறுத்தினார். குனிந்து, மூக்கு குப்பியில் முட்டுகிற மாதிரி, அடியில் கிடந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமி, கட்டில்ல வந்து படுங்க" என்றார் கிருஷ்ணமணி.

"நிக்கட்டும்லே. கொறச்சு நேரம் பாத்துக்கிடட்டு."

ஆபரேஷன் அன்று காலை கடலிலிருந்து அல்போன்ஸ் மாமா படகின் சாட்டிலைட் போனில் அழைத்தார். இரைச்சலுக்கு நடுவே அவர் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஏட்டி, ரத்தம் வேணுமா? படகைத் திருப்பட்டா?"

"நீங்க மீனப் பிடிங்க. ரத்தம் நாங்க குடுத்தாச்சு" என்று மாமி போனை வைத்தார்.

ரெஜிஷாவுக்கு டாக்டர் பயந்தபடியே இரத்தம் நிறையப் போனது. ஆனால் ஏற்ற வேண்டியது தயாராக, குளிரில், அவளுடைய வகையில் இருந்தது. யாரும் ஓடவில்லை. யாரும் போன் போட்டுக் கெஞ்சவில்லை. வராந்தாவில் காத்திருந்த நேரம் முழுவதும் மாமி ஜெபமாலையை உருட்டினார், இடையிடையே துப்புரவுப் பணியாளரிடம் அயிலை மீன் விலை பேசினார். எங்களோடு வந்திருந்த சஜ்னா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "இசபெலக்கா, பெண்பிள்ளை. ரெஜிஷா கண்ண முழிச்சிட்டா, சாயா கேக்கா" என்றதும்தான் அழுதார். அழுதுகொண்டே, "சாயா குடுத்துராதீங்க!" என்றார்.

மாலையில் அவர் இரத்த வங்கி ஜன்னலுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"தம்பி, எனக்க பைதானே மகளுக்கு ஏத்தினது?"

"இல்ல மாமி. தாய்க்க ரத்தத்தை மகளுக்கு நேரா ஏத்தமாட்டோம். அது வேற ஒருத்திக்கு போச்சு."

"யாருக்கு?"

"பேரு சொல்லப்பிடாது."

"பேரு வேண்டாம். எந்தப் பக்கம்?"

கிருஷ்ணமணி இரண்டு பக்கமும் பார்த்தார். "மலைப்பக்கம். பிரசவத்துக்கு வந்த பிள்ளை. நல்லாருக்கா."

மாமி ஏமாற்றம் அடைவார் என்று நினைத்தேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். நிமிர்ந்தார். கூடை தலையில் இருக்கும்போது நிற்பாரே, அப்படி நின்றார். "மலைப்பக்கமா!" என்றார், தனக்குள். மரியதுறையின் இரத்தமும் இப்போது மீனைப்போல ஊர் தாண்டிப் போயிருக்கிறது.

இப்போது குழித்துறை சந்தையில் மலைப்பக்கத்து ஊரான பேச்சிப்பாறையிலிருந்து பெண்கள் யாராவது மீன் வாங்க வந்தால், மாமியின் தராசு தாழ்ந்துவிடுகிறது. நேற்று நான் பக்கத்தில் இருந்தேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு இளம்பெண் சாளை கேட்டாள். மாமி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மக்கா, எந்த ஊரு?"

"பேச்சிப்பாறைக்கு மேல அக்கா."

"பிள்ளைய ஆஸ்பத்திரியிலயா பெத்த? ரத்தம் ஏத்தினாவளா?"

"இல்லியே. என்னத்துக்கு?"

"ஒண்ணுமில்ல" என்று மாமி ஒரு கை சாளையைக் கூடுதலாக அள்ளிப் போட்டார். "தின்னு. தின்னுட்டு உடனே சாயா குடிச்சிராத. கேட்டியா?"

அவள் போனபிறகு என் பக்கம் திரும்பினார். "இவ இல்ல. அடுத்தவளாட்டு இருக்கும். நீ என்ன பாத்துட்டு நிக்க? இன்னும் போவலியா?"

"அடுத்த முகாம் முடிஞ்சு போறேன் மாமி."

"ஓ, அடுத்த முகாமா!" என்றவர், சந்தை முழுவதும் கேட்கும்படி, "சாளை, சாளை, ரத்தம் ஊறுற சாளை!" என்று கூவத் தொடங்கினார்.